பீங்கான் முருகன்

திருநின்றவூர் ரயில் அம்பத்தூர் தாண்டியதும் எதிரில் இருந்தவர் தன் நண்பரிடம், "எங்க ஊட்டு முருகன் வெள்ளக்காரனாம், மாமே," என்றார். அவர் மடியில் துண்டு சுற்றிய ஒரு பீங்கான் பொம்மை இருந்தது.

"யார் சொன்னா?"

"பழைய பொம்மைக் கடைக்காரர்தான். வெரலு ஒடஞ்சிச்சேன்னு ஒட்ட எடுத்துகினு போனேன். அடியில முத்திரையப் பாத்துட்டு, சீமையில செஞ்ச ஆட்டுக்காரப் பையன்னாரு. கையில கீறது வேல் இல்லியாம், கோலாம். காலாண்ட கீறது மயில் இல்லியாம், வாத்தாம்."

"வாத்து கூடவா உனுக்குத் தெர்ல?"

"சந்தனம் பூசிப் பூசி மூக்கே தெர்ல மாமே. இதுக்குக் காவடி வேற எடுத்தேன்."

நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊட்ல சொல்லப் போறியா?"

"எப்டி சொல்றது? பேத்தி பொறந்ததே இவராலதான்னு எம்பொண்டாட்டி நம்பிகினு கீறா. நாளைக்குக் கிருத்திகை. வாயப் பொத்திகினு நானும் கும்புடுவேன்."

"சரி, குடு பாப்போம்," என்று கை நீட்டிய நண்பர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பொம்மையை வாங்கினார்.

ஆவடியில் இறங்க எழுந்தபோதுதான் பார்த்தேன், என் செருப்பும் இருக்கைக்கு அடியில் கழன்று கிடந்தது.