நந்தனம்னு சொல்லு

– இன்னொரு தபா சொல்லு. வூடு எங்க?

– நந்தனம்.

– நந்தனத்துல எங்க?

– வள்ளியம்மை தோட்டம், ஆத்தோரம். அத்தை, பஸ்ஸுல ஏறினதுல இருந்து இதையே கேட்டுட்டு வர்றே. எனக்கு வாய் வலிக்குது.

– வலிக்கட்டும். வேலை கேக்கப் போன செருப்புக் கடையில இன்னா பண்ண? பெரும்பாக்கம்னு வாயத் தொறந்த. அந்தாளு மூஞ்சி எப்டி மாறிச்சுன்னு நீதானே வந்து சொல்லி அழுத?

– நான் ஒண்ணும் அழல.

– சரிடி, அழல. கண்ணுல தூசி வுழுந்துச்சு. தோ பாரு கயலு, இது நகைக்கடை. தி.நகர்ல இந்த மாதிரி கடையில ஏசி காத்துல நிக்கிற வேலை எவளுக்குக் கெடைக்கும்? செருப்புக் கடைக்காரனே பயந்தான்னா, தங்கம் விக்கிறவன் இன்னா பண்ணுவான்? நம்ம ஏரியா பேரைக் கேட்டாலே பீரோவத் தொட்டுப் பாக்குறவங்கடி இவங்க.

– ஆதார்லதான் பழைய அட்ரஸ் இருக்கே. அதைக் குடுத்தா போதாதா?

– அதுக்குத்தான் உங்கப்பன்கிட்ட மாத்தாதடா மாத்தாதடான்னு அடிச்சுகினேன். நம்ம பிளாக்குல பாதிப் பேரு மாத்தல. தோட்டத்து வூட்டையெல்லாம் இடிச்சு நம்மள பெரும்பாக்கத்துல கொண்டாந்து போட்டுட்டாங்க, கார்டுல மட்டும் தோட்டம் அப்டியே நின்னுகினு கீது.

– அப்ப நான் நாலாங்கிளாஸ். எனக்கு அந்த எடம் சரியாவே ஞாபகம் இல்ல. அவங்க ஏதாவது கேட்டா?

– நான் கூட கீறேன்ல? நான் பேசிக்கிறேன். நீ சிரிச்சுகினு இரு, போதும்.

– சூடாமணி மாமிதானே இங்க சொல்லிவிட்டாங்க? அவங்ககிட்டயே உண்மையச் சொல்லி, அவங்களே முதலாளிகிட்ட…

– அடியே! அந்தம்மாவுக்கு நானே நந்தனம்தான். மயிலாப்பூர்ல எந்த வூட்டுலனா கேட்டுப் பாரு. வேலைக்கு வர்றவ எல்லாம் பக்கத்துலதான் இருக்கறா. ஒருத்தியும் தூரத்துல இருந்து வரல. கூப்புடுறாங்க பாரு. துப்பட்டாவ சரி பண்ணு.

– உட்காருங்க. நான் சாய்மா, ஃப்ளோர் மேனேஜர். வேலைக்கு இந்தப் பொண்ணுதானே?

– ஆமா மேடம். பேரு கயலு. நான் அத்தை, தேவானை. சூடாமணி மாமி வூட்டுல…

– தெரியும்மா, முதலாளி சொன்னாரு. கயல், பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். இப்ப பத்தரை.

– சாரி மேடம்.

– எங்கிருந்து வர்றே?

– நந்தனம் மேடம்.

– நந்தனம். நடந்தே வந்துடலாமே. நான் சாந்தோம்ல இருந்து வர்றேன், ஷட்டர் தூக்கும்போது வாசல்ல நிக்கிறேன். உனக்கு ஏன் லேட்டு?

– லிஃப்ட் ரிப்பேர் மேடம். ஏழாவது மாடியில இருந்து எறங்கறதுக்குள்ள… தண்ணி லாரி வேற வந்துடுச்சு. படி பூரா குடம் தூக்கிட்டு ஏறிக்கிட்டு இருந்தாங்க, வழியே இல்ல.

– எந்த லிஃப்ட்?

– அது வந்து மேடம், மாமி வூட்டு லிஃப்ட்டு! காலையில என்னை இட்டுகினு வர்றதுக்கு அங்க வந்தா. அபார்ட்மென்ட்டு பாருங்க, எப்ப பாத்தாலும் பேஜாரு.

– சூடாமணி மாமி வீடு தனி வீடு. கொலுவுக்கு நானே போயிருக்கேன். ஒரே ஒரு மாடி.

– அவங்க வூடு இல்ல மேடம். பக்கத்து வூடு.

– பக்கத்து வீட்டு ஏழாவது மாடியில உங்களுக்கு என்ன வேலை?

– …அங்க ஒரு பாட்டு டீச்சரு…

– சரி, விடுங்க. கயல், இப்ப நீ சொல்லு. அத்தை சொல்லக் கூடாது. ஒரு கஸ்டமர் தோடு போட்டுப் பாக்கறாங்க. போன் வருது. பேசிக்கிட்டே எந்திரிச்சு வாசல் பக்கம் நடக்கறாங்க. தோடு காதுலயே இருக்கு. என்ன பண்ணுவே?

– கண்ணாடிய எடுத்துட்டுப் பின்னாடியே போவேன் மேடம்.

– கண்ணாடி எதுக்கு?

– ‘வெளிச்சத்துல பாருங்க மேடம், இன்னும் நல்லா தெரியும்’னு நீட்டுவேன். அவங்களுக்கே ஞாபகம் வந்துடும். நம்ம சந்தேகப்பட்ட மாதிரியும் இருக்காது.

– யார் சொல்லிக் குடுத்தா?

– யாரும் இல்ல மேடம். என்னைப் பின்னாடியே வந்து பாத்தா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சேன்.

– ம். நல்லா சொன்னே. இதை இங்க நாலு வருஷமா நிக்கிறவங்க கூடச் சொல்ல மாட்டாங்க. ஆதார் கொண்டு வந்திருக்கியா?

– தோ, நான் வெச்சிகிறேன் மேடம். கவர் போட்டு பத்திரமா.

– வள்ளியம்மை தோட்டம், நந்தனம். இங்கதான் இருக்கியா, இப்பவும்?

– ஆமா மேடம். பொறந்ததுல இருந்து அங்கதான்.

– அந்தப் பொண்ணைக் கேக்கறேன்.

– ஆமா மேடம்.

– தண்ணி எங்க பிடிப்பீங்க?

– கங்கையம்மன் கோயில்கிட்ட அடி பம்பு கீது மேடம். காலங்காத்தால வரிசையில நின்னா…

– கோயில்கிட்ட இருக்கறது உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணி?

– …ரேஷன் கடைக்குப் பின்னால. மேடத்துக்கு எப்டி…

– கேள்வி நான் கேக்கறேன். கயல், ரேஷன் கடை எந்தக் கலர்?

– பச்சை… மஞ்சள் மேடம்.

– பச்சையா, மஞ்சளா?

– சின்னப் பொண்ணு மேடம், பயத்துல ஒளறுறா. ரேஷன் கடைக்கு நான்தான் போவேன்.

– சரி. எங்க ரூல் ஒண்ணு இருக்கு. கவுன்ட்டர்ல யாரை நிறுத்தினாலும் வீட்டை நேர்ல பாத்துட்டுத்தான். முருகையன் அண்ணன் வாசல்ல பைக்கோட நிக்கிறாரு. இப்பவே ஒருத்தர் அவர்கூடப் போய்க் காட்டிட்டு வந்துடுங்க. இங்க இருக்கற நந்தனம்தானே?

– இப்பவேவா மேடம்? வூடு பூட்டி கீது. சாவி இவங்கப்பன்கிட்ட.

– உள்ள போக வேணாம். வாசல்ல நின்னு பாத்தா போதும்.

– தெருவுல ஒரு சாவு மேடம். பந்தல் போட்டு வெச்சிகிறாங்க, வண்டி போகாது.

– நடந்து போகட்டும்.

– இல்ல மேடம், சொந்தக்காரங்கதான், நாங்களே பாதியில எயுந்து வந்துட்டோம். பெரியவரு. ரொம்ப நாளா படுக்கையில…

– அத்தை, போதும்.

– நீ சும்மா இரு.

– போதும் அத்தை! எனக்கு ஒரு வேலை வாங்கறதுக்கு இன்னும் யார் யாரையெல்லாம் சாகடிப்பே? மேடம், அங்க வீடே இல்ல. இடிச்சுட்டாங்க. நாங்க பெரும்பாக்கம். ஏழாவது மாடி. லிஃப்ட் நெசமாவே ரிப்பேர்.

– பாவி… பாவி… கெடுத்துட்டியேடி.

– எவ்வளவு நாளா அங்க?

– எட்டு ஒன்பது வருஷம் இருக்கும் மேடம். பொய் சொன்னதுக்கு சாரி. ஆனா உண்மையும் சொல்லிப் பாத்தேன். ‘அப்புறம் கூப்பிடறோம்’னாங்க. என் மார்க்கை யாருமே பாக்கல மேடம். அக்கவுண்டன்சில ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட். அட்ரஸ் கேட்டதோட இன்டர்வியூ முடிஞ்சுடும்.

– எங்க முதலாளியும் அதைத்தான் சொல்லி வெச்சிருக்காரு. அந்தப் பக்கத்து ஆள் வேணாம்னு.

– அப்ப நான் கெளம்பறேன் மேடம். கார்டைக் குடுங்க.

– உட்காரு. தேவானைம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.

– மேடம், உங்க காலுல வேணா வுழுறேன். மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க பீரோ சாவி என் இடுப்புலதான் கீது. இத்தினி வருசத்துல ஒரு ஊக்கு காணாமப் போனது கெடையாது. ஆனா எங்க இருந்து வரேன்னு தெரிஞ்சுதுன்னா, அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லவங்க. சாவிய மட்டும் வாங்கி வெச்சுப்பாங்க. அது போதும் மேடம், நான் செத்தேன்.

– வெளியில இருங்கம்மா. கதவைச் சாத்திட்டுப் போங்க.

– அத்தைய ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம். எனக்காகத்தான் வந்தாங்க. வேலை குடுக்கலன்னா பரவால்ல.

– தண்ணி குடி. பயமா?

– கோவமா இருக்கு.

– யார் மேல?

– தெரியல. இங்க வந்து நிக்கிறேன் பாருங்க, என் மேலயேதான்னு நெனைக்கிறேன்.

– கோவம் கவுன்ட்டர்ல ஆகாது. எந்த பிளாக்?

– சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது?

– சொல்லு.

– ஸ்கூலுக்குப் பின்னால, கடைசி வரிசை.

– மோட்டார் எரிஞ்சு கெடக்கே, அதுவா?

– அதுக்கு அடுத்தது.

– கேட்டுக்கோ. கடை ஃபார்ம்ல நந்தனம்னே இருக்கும். வீடு பாத்தாச்சுன்னு சைன் போடறது நான்தான். முருகையன் அண்ணன் எங்கேயும் போக மாட்டாரு, நான் போகச் சொன்னாத்தான் போவாரு. கூட நிக்கிற பொண்ணுங்க கேட்டாலும் நந்தனம். ஃப்ரெண்ட் ஆனாலும் நந்தனம். லிஃப்ட், மோட்டார், பிளாக், இந்த வார்த்தை எதுவும் உன் வாயில வரக் கூடாது. உங்கத்தை மாதிரி சாவு, பாட்டு டீச்சர்னு நீட்டாதே. ஒரு வார்த்தையில நிறுத்து.

– மேடம்… எனக்கு வேலை குடுக்கறீங்களா?

– திங்கக்கிழமை வா. லிஃப்ட் நின்னுடுச்சுன்னா தண்ணி லாரி வர்றதுக்கு முன்னாடியே எறங்கிடு. அப்பால படி பூரா குடம்தான், ஒருத்தியும் வழி வுடமாட்டா.

– இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க முதலாளிக்குத் தெரிஞ்சா… நீங்க ஏன் மேடம் எனக்காக…

– காலையில நம்ம பஸ்ஸுல டிரைவர் சீட்டுக்குப் பின்னால நான்தான் குந்திகினு இருப்பேன், பாத்துட்டுச் சிரிச்சு கிரிச்சு வெச்சிடாத. இங்க நான் சாந்தோம்.