முதுகுக்குப் பின்னால் ஒரு வேன்

வண்டியை வேகமாக ஓட்ட யாராலும் முடியும், மேடம். நடக்கிறவர் வேகத்துக்கு ஓட்டுவதுதான் சிரமம். கிளட்ச் தேயும், இன்ஜின் கொதிக்கும், கணுக்கால் மரத்துப்போகும். பல வருடங்களாக அப்படித்தான் ஓட்டினேன், என் தங்கைக்குப் பின்னால்.

அவள் நடைப்போட்டியில் தேசிய சாம்பியன். விசித்திரமான பந்தயம் அது. ஓடவே கூடாது; ஏதாவது ஒரு கால் தரையில் இருந்தே தீர வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. மீறினால் நடுவர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படி நடந்தால் இடுப்பு ஆடத்தான் செய்யும். எங்கள் தெருவே சிரித்தது.

"என்ன பாப்பா, அவ்வளவு அவசரமா? பாத்ரூம் அந்தப் பக்கம்," என்பார் சலூன்காரர்.

"நீங்க முதல்ல போயிட்டு வாங்க அங்கிள், நான் கடையப் பாத்துக்கறேன்," என்பாள் நடை குறையாமல்.

நான் அவளை வாத்து என்று கூப்பிடுவேன். பெற்றவர்கள் போன பிறகு வாத்துக்கு நான், எனக்கு வாத்து. மூன்றாவது ஆள் தேவைப்பட்டதில்லை.

பயிற்சி நெடுஞ்சாலையில். லாரிகள் உரசிக்கொண்டு போகும். அதனால் அவள் முதுகுக்குச் சுவர் மாதிரி என் வேனைக் கொண்டுபோவேன். முட்டி மடங்கினால் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். திரும்பினால் உடம்பு கோணும், தாளம் கெடும். ஆரம்பத்தில் திரும்பத்தான் செய்தாள். திரும்பிய ஒவ்வொரு தடவையும் வண்டியை இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். பழகிக்கொண்டாள்.

பதக்கங்கள் வந்தன. பத்திரிகைப் படங்களில் அவள் மட்டும் இருப்பாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

போன மாதம் பெரிய பயிற்சி முகாம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. காலுறைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அங்க காம்பவுண்டுக்குள்ளயே ரோடு போட்டிருக்காங்களாம்ணா. லாரித் தொல்லையே இல்ல."

"அப்ப நான்?"

"நீ நல்லா தூங்கு. ஒரு அண்ணியப் பாத்துக் கூட்டிட்டு வா. எத்தனை நாளைக்குத்தான் என் முதுகையே பாத்துட்டிருப்ப?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வெளியூர்ச் சாப்பாடு, தெரியாத ஆட்கள், அவள் முட்டியைப் பற்றி எதுவும் அறியாத ஒரு கோச். யோசித்துப் பார்த்தேன். பொறுப்புள்ள அண்ணன் யாராக இருந்தாலும் யோசிப்பான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று ஸ்டேஷனுக்கு வந்ததும் முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். முந்தின நாள்தான் பிரேக்கைச் சரிபார்த்திருந்தேன். தேவையான இடத்தில் நிற்க வேண்டுமே.

கிளம்புவதற்கு முன் கடைசிப் பயிற்சி. சாலை காலியாக இருந்தது. பின்னால் வண்டிச் சத்தம் நெருங்கினால் எவரும் ஒதுங்குவார்கள். என் இன்ஜின் சத்தத்துக்கு மட்டும் அவள் ஒதுங்க மாட்டாள். இரண்டாவது கியர் போட்டேன். சத்தம் மாறியது அவளுக்குக் கேட்டது. வேகத்தைக் கூட்டச் சொல்கிறேன் என்று நினைத்து, கூட்டினாள். எந்த நடுவரும் குறை சொல்ல முடியாத நடை, மேடம். ஒரு நிமிடம் ரசித்தேன்.

பிறகு கால்களைக் குறிவைத்து ஏற்றினேன். தலையில் படாதபடி ஸ்டியரிங்கை ஒடித்தேன். அந்தக் கவனத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காலையில் கண் விழித்தவள், "அண்ணனுக்கு அடி படலையே?" என்றுதான் கேட்டாளாம். நர்ஸ் சொன்னார். ஏதோ லாரி என் வேனை முட்டித் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனி நடக்க முடியாது என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்து சொன்னால் தாங்கிக்கொள்வாள்.

கையெழுத்து எங்கே போடணும், மேடம்? சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறார்களாம். பின்னால் நின்று தள்ள, பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?