முதலில் கூப்பிடும் பேர்

அமுதம்: “பங்கு எம் பேர்ல, லாபத்த எங்கண்ணால பார்த்ததில்ல, இது இன்னா கூத்துடி?”ன்னு ஒரு தபா என்னைக் கேட்டியே அக்கா... ஞாபகம் இருக்குதா?

காசம்மாள்: மல்லாட்டைய ஒழுங்கா ஆய்டி. செடியில பாதி கடலைய வுட்டுட்டுத் தள்ளுற.

அமுதம்: கேட்டியா, இல்லியா?

காசம்மாள்: கேட்டிருப்பேன். மாமனாரு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் ஊரு நிதிக் கம்பெனியில பங்கு வாங்குனாரு. ஒனக்கு வந்த லாபத்த ஒம் புருசன் ஒங்கையில குடுத்தாரு. எனக்கு வந்தது எம் புருசன் சீட்டாட்டத்துல போச்சு.

அமுதம்: ஒனக்குத்தான் ஒரு பங்கு கூட. மூத்த மருமவளாச்சே.

காசம்மாள்: கூட இருந்து இன்னா? லாபத்துல தையல் மிஷின் வாங்கி, வில்லியனூர் டேசன்லேர்ந்து மாட்டு வண்டியில கவர்னர் பொண்டாட்டியாட்டம் குந்திகினு வந்தது நீதான. பண்டசோழநல்லூரே நின்னு பார்த்துச்சு.

அமுதம்: நீ பார்க்கலியே. கதவச் சாத்திகின.

காசம்மாள்: எனக்குத் தலவலி.

அமுதம்: மூணு வருசமா நிதியில லாபமும் குடுக்கல. ஒனக்குத் தலவலியும் வரல.

காசம்மாள்: ஏண்டி... லாபத்தப் பிரிச்சுக் குடுக்காம சேமநிதியில போடறதுன்னு நிதிக்காரங்க முடிவு பண்ணாங்க. எனக்கு இன்னா தெரியும்?

அமுதம்: தலைவரு யாரு? ஒம் புருசன், நம்ம பெரியவருதான.

காசம்மாள்: அது ஆம்பளைங்க சமாசாரம்.

அமுதம்: பெரியவரு கூட்டத்துல எழுந்து சொன்னாராம்... “பொம்பளைங்க கைக்கு லாபம் போனா மூக்குலயும் காதுலயும் போய்க் குந்திக்கும், நிதி எப்படிப் பெருக்கும்?”னு. எங்க வூட்டுக்காரரு வந்து சொன்னப்ப நான் சிரிச்சிட்டேன்.

காசம்மாள்: சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது அதுல?

அமுதம்: பெரியவருக்குச் சேர்ந்தாப்பல நாலு வார்த்த வராதே அக்கா. அது ஒம் பேச்சு. அந்தச் செடிக் கட்ட இப்படித் தள்ளு.

காசம்மாள்: சரி, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சேமநிதி பெருத்தா தலைவருக்குத்தான் பேருன்னேன், கேட்டுகினாரு. எனக்கு வராதது ஒனக்கும் வர வேணாம். இன்னா இப்ப? ஒம் மிஷினும் போச்சில்ல? போன தையில வித்தியே... அன்னிக்குத்தான்டி நான் நல்லாத் தூங்குனேன்.

அமுதம்: தெரியும். கொழுக்கட்ட கூடக் குடுத்தனுப்புன.

காசம்மாள்: ...மீந்துது.

அமுதம்: மூக்குத்தி புதுசா? செவப்புக் கல்லு. ஒனக்கு எடுப்பா இருக்குது.

காசம்மாள்: அம்மா வூட்ல போட்டாங்க.

அமுதம்: கூர மாத்த வழியில்லன்னு அழுதாங்களே, அந்த அம்மா வூட்லயா?

காசம்மாள்: தம்பி துட்டு அனுப்பிச்சான்டி. சைகோன்லேர்ந்து.

அமுதம்: ஓ... சைகோன்லேர்ந்து. சரி, சாயங்காலம் நிதியில கூட்டம். வர்றியா?

காசம்மாள்: எதுக்கு? வெத்தல போட்டுட்டுக் கலையறதுக்கா?

அமுதம்: இன்னிக்கு லாபம் குடுக்கறாங்க. மூணு வருசத்துதும் சேர்த்து.

காசம்மாள்: யாரு... யாரு சொன்னது?

அமுதம்: பங்குக்காரங்க சண்ட புடிச்சாங்களாம். எத்தினி வருசம்தான் மூட்ட கட்டி வப்பீங்க, பாதியையாவது பிரிச்சுக் குடுங்கன்னு. பெரியவரு எறங்கி வந்துட்டாரு. எப்பவும் போல பேரு கூப்புட்டுக் குடுப்பாங்க. பங்கு அதிகமா வச்சிருக்கறவங்க மொதல்ல. பொம்பளைங்கள்ல மொதப் பேரு ஒன்னுதுதான? “காசம்மாள்”னு கூப்புடறப்ப கூட்டம் மொத்தமும் திரும்பி ஒன்னப் பார்க்கும். நான் ஒன் முதுகுக்குப் பின்னாடி நின்னுகினு இருப்பேன். லாபம் எனக்கு வருதுன்னு நீ பொருமுன. பேரு ஒனக்கு வருதேன்னு நான் பொருமுனது ஒனக்குத் தெரியாது.

காசம்மாள்: பேர... யாரு கூப்புடுவாங்க?

அமுதம்: தலைவருதான். ஒங்க வூட்டுக்காரரு. ஏன்க்கா, ஆயறத வுட்டுட்ட?

காசம்மாள்: அமுதம்... ஒண்ணு சொன்னா வெளிய வுட மாட்டியே?

அமுதம்: சொல்லு.

காசம்மாள்: லாபமே வராத பங்கு எதுக்குன்னு... தையில, பங்கு வாங்கி விக்கற ரஷீத் பாய் கடையில குடுத்து வித்துட்டேன். எல்லாத்தையும். பாண்டியில வாங்கறதுக்கு ஆளு இருக்குதுன்னாரு பாய். மாத்தி எழுதுன காயிதத்துல எங்க வூட்டுக்காரரே தலைவரா கையெழுத்துப் போட்டாரு, இன்னா ஏதுன்னு படிக்காம. இந்த மூக்குத்தி... அதுல வந்ததுதான்.

அமுதம்: சைகோன் இல்லியா?

காசம்மாள்: வெளையாடாதடி. அவரு வாயால கூப்புடற எடத்துல எம் பேரு இல்லன்னா, அப்புறம் என்னை வூட்டு வாசப்படி ஏற வுடுவாரா? அந்த ஆளு யாருன்னு பாயிகிட்ட நீ கேளேன். மூக்குத்தியக் கழட்டிக் குடுத்துடறேன். கால்ல கூட வுழறேன். பாண்டிக்கு இப்பவே கெளம்பிப் போனா...

அமுதம்: பாண்டிக்குப் போவ வேணாம். ஒம் பங்க வாங்குன ஆளு இங்கயேதான் இருக்குது.

காசம்மாள்: இன்னாது?

அமுதம்: தையிலதான நானும் மிஷின வித்தேன். எதுக்கு வித்தேன்னு நீ கேக்கவேயில்ல அக்கா, கொழுக்கட்ட அனுப்புன. சாயங்காலம் பெரியவரு மொதல்ல கூப்புடப் போறது எம் பேருதான். அக்கா... மடியில இருக்கற மல்லாட்டையெல்லாம் கொட்டுது பாரு. எங்க போற? ...நம்ம வூடு இந்தப் பக்கம். ...அக்கா, எதுனா ஒரு வார்த்த திட்டிட்டாவது போயேன்.