காசு வைத்த பக்கம்

தங்கச்சிக்கு,

இங்கே தேநீர் பரவாயில்லை. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அவரு உடனே போயிட்டாராண்ணா, இல்ல கெடந்து கஷ்டப்பட்டாரா?" நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று கூட்டிப்போய்விட்டார்கள். குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான். கேட்டவருக்குப் பதில் போகாமல் விட்டதில்லை.

என் அறையில் இருநூற்றுப் பதினான்கு இசைத்தட்டுகள் இருப்பது உனக்குத் தெரியும். எல்லாமே மேல்நாட்டு இசை, நால்வர் வாசிப்பவை: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. அதில் அட்டை கிழிந்த ஒரு பழைய பதிவு உண்டு. மெதுவான பகுதி தொடங்குவதற்கு முன்னால், செல்லோக்காரர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். அரை நொடிகூட இருக்காது. பின்னால் வந்த பதிப்புகளில் அதை வெட்டிவிட்டார்கள். பத்தொன்பது வருடமாக அந்த மூச்சை நான் ஒருவன்தான் கேட்டுவந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர், வெள்ளை மனசு. "எண்ணெ போடாத நாலு கதவு கூடி வம்பு பேசுற மாதிரி இருக்கு மச்சான்" என்பார். நானும் சிரிப்பேன். அந்தக் கேலி எனக்கு வசதியாகவே இருந்தது.

நீதான் அவரிடம் சொன்னாயாம்: "அண்ணனுக்குன்னு யாரு இருக்கா, கூட உக்காந்து கேளுங்க." உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் கொண்டியைச் சரிசெய்ய வந்தார். பையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மச்சான், ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. நாலு நாளா நீங்க ஆபீஸ் போனப்புறம் இங்க வந்து அந்த அட்டை கிழிஞ்ச தட்டத்தான் கேக்குறேன். உங்ககிட்ட நாலு வார்த்த பேசலாமேன்னு. ஊசி ஒரே எடத்துல குதிச்சுது. அது தலையில ஒரு காச வச்சேன். இப்ப கம்முன்னு ஓடுது."

ஊசி தட்டின்மேல் படுவது ஒரு இறகு படுவதுபோல இருக்க வேண்டும். அதன்மேல் காசை வைப்பது, கண்ணில் விழுந்த தூசியை நகத்தால் சுரண்டி எடுப்பது மாதிரி. இருந்தும் நான், "பரவால்ல மாப்பிள்ள, தெரியாமத்தான செஞ்சீங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, "இன்னொண்ணு மச்சான். அந்தப் பெரிய வயலின்காரரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குறாரே, கேட்டிருக்கீங்களா? எனக்குப் புல்லரிச்சிருச்சு. கதவு இல்ல, மனுசங்கதான்னு அப்பத்தான் உறைச்சுது" என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். சுத்தியல் முக்காலிமேல் இருந்தது.

பத்திரிகையில் பதினோரு அடி என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு. ஆறு. முதல் அடி வலது காதுக்கு மேலே. அவர் விழவில்லை. கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தார் போல. திரும்பி, "இருங்க மச்சான், இருங்க" என்று உள்ளங்கையைக் காட்டினார். இரண்டாவதில் அந்தக் கைவிரல்கள் ஒடிந்தன. மூன்றாவதில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். மீதி மூன்றும் ஒரே இடத்தில். அந்த இடத்தில் எலும்பு உள்ளே போய்விட்டது. பெட்டியில் ஏன் முகத்தை மூடியே வைத்தார்கள் என்று கேட்டாயாம். அதற்கும் இதுவே பதில்.

கையைத் துடைத்துக்கொண்டு, காசு வைத்த பக்கத்தைச் சுழலவிட்டேன். சேதம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமல்லவா? மாப்பிள்ளை தரையில் கிடந்தபடி கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நடுவில் உன் பெயரை இரண்டு தரம் சொன்னார். அது இடைஞ்சலாக இருந்ததால் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். பக்கத்து மேசையில்தான் தொலைபேசி இருந்தது. ஆனால் பாதியில் ஊசியைத் தூக்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

தட்டுக்குப் பெரிய சேதமில்லை. இரைச்சல் சற்றுக் கூடியிருந்தது, அவ்வளவே. செல்லோக்காரரின் மூச்சு அப்படியே கேட்டது.

உன் கேள்விக்குப் பதில்: உடனே போகவில்லை. இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம்.

கோபத்தில் புத்தி கெட்டுச் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறார் வக்கீல், தண்டனை குறையுமாம். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபமும் கிடையாது. இருந்திருந்தால், ஒரு சுரம்கூட விடாமல் அந்தப் பக்கம் முழுவதையும் அவ்வளவு நிம்மதியாகக் கேட்டிருப்பேனா? நீயே சொல்.

அண்ணன்