தகடு அடிக்காத ஆறு மரங்கள்

9.8.2024, வெள்ளிக்கிழமை, காலை 7.40 முதல் 8.50 வரை, வெட்டப்பட்டவை ஆறு மரங்கள். பெயரை முதலில் சொல்லும்படி விசாரணை அலுவலர் கேட்டார். எண்ணிக்கை முதலில் வரட்டும் என்று நான்தான் சொன்னேன். என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தாறு. நில அளவையில் டிப்ளமா முடித்து, வனத்துறைக் கணக்கெடுப்புப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாக வந்திருக்கிறேன். அலுவலர் கையால் எழுதுவதால் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டுள்ள கணக்கெடுப்புக் குழுத் தலைவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஜி.பி.எஸ். கருவியில் பேட்டரி மாற்றுவதற்குக்கூட என்னிடம்தான் நீட்டுவார். ஆனால் பட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். தகடு அடிக்கும் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். எனக்கு வைத்த பெயர் சிக்னல், கருவியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பேன் என்பதால்.

நாங்கள் எண்ணியது மெழுகிலை மரத்தை. இந்த மண்ணுக்கே உரிய, வருடம் முழுக்க இலை உதிர்க்காத மரம். ஓடை ஓரத்துப் பள்ளங்களில், வெயில் நேராக விழாத இடத்தில் மட்டும் நிற்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை பத்து நாள் காய்ந்தால் செத்துவிடும். முளைத்தாலும் ஏழெட்டு வருடம் பெரிய மரத்தின் நிழல் வேண்டும். திறந்தவெளியில் நட்டுப் பார்த்த இருநூறு கன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. வளர்ந்த மரம் ஐம்பதுக்குக் கீழே இருந்தால், அழியும் தறுவாயில் உள்ள இனங்களின் பட்டியலில் மேல் வரிசைக்குப் போகும். ஐம்பதைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்கும், காவலும் குறையும்.

கணக்கெடுப்பு மார்ச் மாதம் நடந்தது. காட்டைப் பதினான்கு கட்டங்களாகப் பிரித்து, கண்ட மரத்துக்கெல்லாம் எண் போட்ட அலுமினியத் தகடு அடித்தோம். பன்னிரண்டாம் கட்டம் என் பொறுப்பு. 19.3.2024 பிற்பகல் 3.10க்கு நான் அதிலுள்ள ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். கருவியில் சிக்னல் இல்லை, கயிறு போதவில்லை, தூறல் வேறு. நான் இறங்காமல், தாளில் 'பார்த்தேன், இல்லை' என்று எழுதினேன். அதன் பிறகு ஜீப்பில் வைத்து அத்தான் கேட்டார்.

"இறங்கிப் பாத்தியா மாப்ளே?"

"பாத்தாச்சு அத்தான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பதினான்கு கட்டத்தையும் சேர்த்த பட்டியலில் அவர் மட்டும் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாற்பத்தேழு மரங்கள்.

அதன் பிறகு ஜூனில் மரம் மேல் வரிசைக்குப் போனது. அலுவலக வரவேற்பறையில் அத்தானும் ஏழாம் எண் மரமும் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் டேப் பிடித்திருக்கும் முழங்கை என்னுடையது. தாவர ஆராய்ச்சியாளர் மேடம் என்னைப் பார்த்து, "நீங்க டேப் பிடிச்சவர்தானே?" என்று கேட்டார். நாற்பத்தேழு மரத்தின் இருப்பிடத்தையும் அரை மீட்டர் பிசகாமல் குறித்தவன் நான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அத்தானிடம் திரும்பிவிட்டார். வீட்டில் அம்மா அத்தானுக்கு மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட ஆரம்பித்தார். அதற்கு முன் அது நான் உட்காரும் இடம். இதையும் எழுத வேண்டுமா என்று அலுவலர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகக் காட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மெழுகிலையைப் போலவே தோன்றும் இன்னொரு மரம் அங்கே நிறைய உண்டு. அதில் ஒன்றுக்காவது அத்தான் தவறாகத் தகடு அடித்திருப்பார் என்று தேடினேன். நான்கு ஞாயிறுகளில் நாற்பத்தேழையும் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பார்க்காமல் மிச்சம் இருந்தது என்னுடைய பள்ளம் மட்டும்தான். 28.7.2024 அன்று நீளமான கயிற்றோடு அதில் இறங்கினேன். ஆறு மெழுகிலை மரங்கள் நின்றன. நான்கில் காய் இருந்தது. மற்ற நாற்பத்தேழில் காய்க்கும் மரம் ஒன்பதுதான்.

நான் சந்தோஷப்பட்டேன். சுற்றளவு எடுத்தேன், படம் எடுத்தேன், மேலே ஏறி வந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் கட்டத்துக்கு 'இல்லை' போட்டது நான்தான் என்பது நினைவில் இருந்தது. ஆனால் பட்டியலில் இருப்பது அத்தான் கையெழுத்து. 14.8.2024 ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஐம்பத்துமூன்று என்று திரையில் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அப்படிக் காட்டினால் மரம் ஒரு படி கீழே இறங்கும் என்று தெரிந்தேதான் முடிவு செய்தேன்.

பன்னிரண்டாம் கட்டம் வழியாக மின்கம்பிப் பாதை போகிறது, பாதையில் தகடு உள்ள மரத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம் என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 6ஆம் தேதி பலகையில் ஒட்டப்பட்டது. வேலை 16ஆம் தேதி தொடங்கும் என்று போட்டிருந்தது. கூட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் நான் பேசாமல் இருந்தேன். வெட்டும் ஆட்கள் வேறு இடத்தில் வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

9ஆம் தேதி காலை 7.48க்குத் தகடு அடிக்கும் ஆள் ஒருவர் கைபேசியில் அழைத்தார். "சிக்னல் சார், உங்க பன்னெண்டுல ரம்பம் ஓடுது. ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டாங்க." வெட்டு மேஸ்திரியின் எண் என் கைபேசியில் இருந்தது. நான் அவரை அழைக்கவில்லை. அழைத்து நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் கூட்டத்தில் காட்ட எதுவும் இருக்காது. நேரில் போய் வேறு காரணம் சொல்லி நிறுத்தலாம் என்று பைக்கை எடுத்தேன். 8.55க்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறும் கீழே கிடந்தன. மேஸ்திரி பட்டியலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பட்டியல்ல இல்ல, தகடும் இல்ல. அப்புறம் என்ன சார், கனவுல வந்து சொல்லுமா?"

அதன் பிறகு பத்து மணிக்கு அத்தான் வந்தார். அடிமரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பட்டையைக் கீறி முகர்ந்தார். ஆறையும் அப்படியே பார்த்தார். எழுந்து, "பன்னெண்டு உன் கட்டம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் குனிந்து காய்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கூட்டத்தில் மேடம் ஆறு பட்டைத் துண்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். எண்ணிக்கையை ஐம்பதுக்குக் கீழே வைத்துப் பெயர் வாங்குவதற்காகக் குழுத் தலைவர் தெரிந்தே ஆறு மரங்களை மறைத்தார் என்று அன்றே புகார் எழுதப்பட்டது. நான் தயாரித்த படங்கள் பென்டிரைவில் இருந்தன, பென்டிரைவ் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

16ஆம் தேதி அத்தானை விசாரித்தார்கள். "பட்டியல்ல இருக்கறது என் கையெழுத்து, பொறுப்பு என்னுது" என்று மட்டும் சொன்னாராம். எந்தக் கட்டம் யாருக்கு என்று பிரித்த தாளைக்கூட அவர் காட்டவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நேற்று அக்கா சாப்பாடு போட்டபடியே என்னிடம் கேட்டாள்.

"யாரோ ஒருத்தனக் காப்பாத்துறாருடா இவரு. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

மனம் திருந்தி வந்தாயா தம்பி என்று அலுவலர் கேட்கிறார். அப்படி எழுத வேண்டாம். மரத்தை என்னைவிட நன்றாகப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். என் தப்பையும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு அதிலும் என்னைவிடப் பெரிய மனிதர் ஆகிறார் என்பதைப் பொறுக்க முடியவில்லை. அதனால் வந்தேன். அந்த ஆறு மரம் அங்கே நின்றது அவருக்குத் தெரியாது. அறிந்தவன் நான் ஒருவன். இப்போது நிற்பவை நாற்பத்தேழு. அவர் போட்ட எண்ணிக்கையை நான் சரியாக்கிவிட்டேன்.

மேலே உள்ளதைப் படிக்கக் கேட்டேன். இரண்டு இடத்தில் அலுவலர் மென்மையாக எழுதியிருந்ததை நான் சொன்னபடியே திருத்தச் சொன்னேன். இதில் பொய்யோ விடுபட்டதோ இல்லை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன், 19.8.2024. இனி என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்டதால் கீழே உள்ளதையும் சேர்க்கச் சொன்னேன்.

1. ஆறு மரங்களின் படம், சுற்றளவு, இருப்பிடம் எல்லாவற்றையும் இன்று மாலை நான்கு மணிக்குள் ஒப்படைப்பேன். ஜூலை 28 என்ற தேதி கோப்புகளிலேயே இருக்கிறது.

2. மார்ச் 19 தாளில் 'பார்த்தேன்' என்பதை அடித்து, 'இறங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

3. அக்காவிடம் இதை நானே சொல்வேன், சாப்பாட்டு நேரத்தில் அல்ல.

4. அத்தான் பொறுக்கிய விதைகளை ஓடையின் மேல்பக்கம் நிழலில் ஊன்றியிருப்பதாக ஆட்கள் சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. கேட்காமலேயே போய்த் தண்ணீர் ஊற்றுவேன்.

5. அத்தானிடம் மன்னிப்புக் கேட்பேன். "சரி விடு மாப்ளே" என்று உடனே சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிக்காது. இருந்தாலும் பதில் பேசாமல் நின்று வாங்கிக்கொள்வேன்.