ஆபத்தில்லாத ஆள்

என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மாவட்டத்தின் அவசர அழைப்பு மையத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் உட்கார்ந்திருப்பதும் அந்தக் குரலால்தான். வீடு பற்றி எரியும்போது போன் செய்கிற பெண்மணி என் குரலைக் கேட்டதும் தன் வீட்டு எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்கிறாள். அதனால் விசாரணைக்கு என்று உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை இவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டாம். அது என்னை விழுங்கிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

காபி வேண்டாம். இந்தக் கட்டடத்துக் காபியை எனக்குத் தெரியும்.

வெண்டலைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை மேவிஸின் கணவர். மெத்தைக் கடையில் விற்பனையாளர். வாரத்தில் ஐந்து நாள் மனிதர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்கிறவர், சனிக்கிழமை காலையானால் நாட்டைக் காக்கப் புறப்படுவார். மார்புக்குக் குறுக்கே ஒரு நீளத் துப்பாக்கி, அதன்மேல் எட்டுப் பாக்கெட் வைத்த ஒரு சட்டை, சட்டையில் செருகிய போன், படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஓக்லஹோமாவில் துப்பாக்கியை வெளிப்படையாகத் தூக்கிக்கொண்டு நடப்பது குற்றமில்லை. குற்றமில்லாத ஒன்றைச் செய்வதற்கு இவ்வளவு வியர்க்கிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதற்கு அவர் 'ரோந்து' என்று பெயர் வைத்திருந்தார். நீதிமன்றச் சதுக்கத்தை மூன்று சுற்று. முதல் சுற்றின் முடிவில் டோனட் கடை. துப்பாக்கியின் மேல் சர்க்கரைத் தூள் கொட்டியிருப்பதைப் பல வீடியோக்களில் நீங்களே பார்க்கலாம். ஒருமுறை மளிகைக் கடையில் திரும்பும்போது அந்தக் குழல் இடித்து பீச் ஜாம் பாட்டில்கள் பதினொன்று சரிந்தன. எதிரிக்கு அவர் இழைத்த ஆகப் பெரிய சேதம் அதுதான். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு முழங்கால் வலிக்கும். பத்து மணி பத்து நிமிடத்துக்கு நூலகப் படியில் உட்கார்ந்துவிடுவார். குடியரசு பத்து நிமிடம் காத்திருக்கும்.

அவரைப் பார்த்து யாராவது ஒரு வெளியூர்க்காரர் மிரண்டு 911-ஐ அழைப்பார். அழைப்பு எனக்கு வரும். நான் ரேடியோவில் சார்ஜென்ட் டெல்மரைக் கூப்பிட்டு விவரம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். "வெண்டல்தான். ஆபத்தில்லாத ஆளு." டெல்மர் கையிலிருக்கும் பன்னை முடித்துவிட்டு மெதுவாகப் போவார். அங்கே ஒவ்வொரு வாரமும் அதே நாடகம்.

"ஆபீசர், என்னத் தடுத்து வைக்கிறீங்களா, இல்ல நான் போகலாமா?"

"போலாம் வெண்டல். போன வாரமும் போலாம்னுதான் சொன்னேன்."

"என் உரிமைய நீங்க ஒத்துக்கிட்டதா பதிவு பண்ணிக்கிறேன்."

"தாராளமா. கொஞ்சம் இந்தப் பக்கம் நின்னு எடுங்க, அங்கருந்து எடுத்தா எனக்குத் தொப்பை தெரியுது."

பிறகு வெண்டல் மேல் பாக்கெட்டில் கையை விட்டு ஓர் அட்டையை எடுப்பார். சட்டப் பிரிவை அச்சடித்து, நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருந்தார். அதை டெல்மரிடம் கொடுப்பார். டெல்மரிடம் அதைப்போல நாற்பது அட்டை இருக்கிறது. அவருடைய மனைவி அவற்றைக் கோப்பைக்கு அடியில் வைக்கிறாள். இணையத்தில் அந்த வீடியோக்களை ஐம்பது அறுபது பேர் பார்த்தார்கள். அதில் மூன்று நான்கு மேவிஸ்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மீன் பிடிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள், பொம்மை ரயில் ஓட்டுகிற ஆண்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இது வாய்த்தது.

போன பிப்ரவரியில் வெண்டலுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. பொது ஆவணச் சட்டத்தின்படி தன்னைப் பற்றிய ரேடியோப் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். என் குரலை வெட்டி ஒட்டி 'அரசாங்கம் பேசுகிறது' என்று ஒரு வீடியோ போட்டார். அதை மட்டும் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நான் சொன்னேன் இல்லையா, குரல் நன்றாக இருக்கும்.

அத்தோடு ஆறு பக்கப் புகார். உங்கள் கோப்பில் இருக்கும், நான்காம் பக்கத்தைப் பாருங்கள். ஆயுதம் தாங்கிய ஒரு குடிமகனை அரசாங்க அலைவரிசையில் 'ஆபத்தில்லாத ஆள்' என்று வர்ணிப்பது அவமதிப்பு என்று எழுதியிருந்தார். மேலும், கணினியில் அவர் பெயருக்கு எதிரே நான் ஒரு குறிப்பு வைத்திருந்தேன்: சனிக்கிழமை நடப்பார், இடது காது கேட்காது, பாக்கெட்டில் கை விட்டால் அட்டைதான். துப்பாக்கி வைத்திருப்பவர்களை அரசாங்கம் பட்டியல் போடுவதன் முதல் படி இது என்றார். உடனே அழிக்க வேண்டும், இனி தன்னை முன்பின் தெரியாத எந்தக் குடிமகனையும் போலவே நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். என்னைக் குறிப்பிட்ட இடத்தில் 'ஒரு கீழ்நிலை எழுத்தர்' என்று இருந்தது. பத்தொன்பது வருடமாக நன்றி நவிலும் நாளில் என் வீட்டு மேசையில் வான்கோழியின் காலைத் தின்கிறவர்.

என் கோப்பில் கண்டனக் கடிதம் ஒன்று சேர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் கடிதம். மேற்பார்வையாளர் பதவி ஏப்ரலில் எனக்கு வரவேண்டியது, வேறொருத்திக்குப் போயிற்று. அவளுக்குக் குரலும் கிடையாது. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

கண்டனக் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் சாப்பிட வந்தார்கள். மேவிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெண்டல்தான் பேசினார்.

"லோர்னா, இதுல தனிப்பட்டது ஒண்ணுமில்ல. அரசாங்கம்ங்கறது ஒரு பெரிய மெஷின். நீங்க அது சக்கரத்துல ஒரு சின்ன பல்லு, அவ்ளோதான்."

"எந்தப் பக்கத்துப் பல்லு வெண்டல்?" என்று கேட்டேன்.

"பாத்தியா மேவிஸ், உங்கக்காவுக்குக் கோவமே வரல. அந்த உருளைக்கிழங்க கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க."

தள்ளினேன்.

கணினியிலிருந்த குறிப்பை நானே அழித்தேன். எங்கள் அதிகாரி என் பின்னால் நின்று பார்த்தார். "அழிச்சாச்சுல்ல, நல்லது. ரேடியோல மட்டும் வழக்கம்போல ஒரு வார்த்த சொல்லிடுங்க லோர்னா. நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும்ல."

"எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றேன்.

சிரித்துவிட்டுப் போனார். எழுத்தில் தரவில்லை. ஒருபுறம் ஆறு பக்கப் புகார் எழுத்தில் இருக்கிறது, இன்னொருபுறம் ஒரு சிரிப்பு இருக்கிறது. நான் எதன்படி நடக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இருந்தாலும் அடுத்த பதினொரு சனிக்கிழமைகளும் டெல்மர்தான் பணியில் இருந்தார். அவருக்கு நான் சொல்லாமலே தெரியும். அந்தப் பதினொரு வாரமும் ஒரு பிரச்சினையும் இல்லை, என் முறை சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

பன்னிரண்டாவது சனிக்கிழமை டெல்மர் ஏரிக்குப் போயிருந்தார். பணிப் பட்டியலைத் தட்டச்சு செய்து ஒட்டுகிறவள் நான், ஆகையால் எனக்குத் தெரியும். சதுக்கத்தில் ப்ரூயிட் என்ற இளம் காவலர் இருந்தார். பயிற்சி முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுகிறவர். பார்க்கிங் அபராதம் எழுதும்போதும் அவர் கை இடுப்பில்தான் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் அந்தச் சீருடையைக் கொடுத்தால் எல்லோரும் கண்ணாடி முன்னால்தான் நிற்பார்கள்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அழைப்பு. ஒரு பெண், நம் ஊர் இல்லை. "நூலகப் படியில ஒரு ஆளு உக்காந்திருக்கான் மேடம். மடியில பெரிய துப்பாக்கி. உள்ள கதை சொல்ற நேரம், எம்பொண்ணு உள்ள இருக்கா. ஒருத்தர் கூப்பிட்டுப் பாத்தாரு, அவன் திரும்பியே பாக்கல." நான் அவளை ஆசுவாசப்படுத்தினேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். என் வேலையில் குறை இல்லை என்று அவளும் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

ப்ரூயிட்டிடம் அவள் சொன்னதைத்தான் சொன்னேன். ஓர் ஆண், நீளத் துப்பாக்கி, நூலகப் படி, உள்ளே குழந்தைகள், கூப்பிட்டால் பதில் இல்லை. இதில் எந்தச் சொல் பொய், காட்டுங்கள். மேற்குப் பக்கம் காய்கறிச் சந்தை போட்டிருந்ததால் கிழக்குப் பக்கமாக வரச் சொன்னேன். அதுவும் உண்மை, சந்தை இருந்தது. கிழக்கிலிருந்து வந்தால் படியில் உட்கார்ந்திருப்பவரின் இடது பக்கமாக வருவார்கள். ஆம், இடது காது. கோப்பில் இல்லாத ஒரு காதைப் பற்றி நான் எப்படிப் பேச முடியும்?

ப்ரூயிட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், ஆள் யாருன்னு நமக்குத் தெரியுமா?"

"பதிவுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

இல்லைதானே. அழைத்த பெண் பெயர் எதுவும் சொல்லவில்லை. படியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு நல்ல பணியாளர் ஊகம் செய்யக் கூடாது என்று புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளே நான்தான். அது வெண்டல் என்று எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. இதை முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வெண்டலின் போனே எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறது. ப்ரூயிட் மூன்று முறை கத்துகிறார். மூன்றாவது முறைதான் வெண்டல் உடம்போடு திரும்புகிறார், துப்பாக்கியும் கூடவே திரும்புகிறது. சீருடையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. பின்னே என்ன, டெல்மர் என்றால் அலுத்துப்போயிருக்கும், இது புது முகம். "ஆபீசர், என்னத் தடுத்து வைக்கிறீங்களா" என்று ஆரம்பித்துக்கொண்டே மேல் பாக்கெட்டில் கையை விடுகிறார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு குடிமகனைப் போலவே நடத்தப்பட்டார்.

அந்த வீடியோவை இதுவரை இருபது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

மேவிஸ் மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "லோர்னா, அப்ப மைக்ல இருந்தது நீதானா?" என்றாள். நான்தான் என்றேன். "அப்பறம் எப்பிடி?" என்றாள். புகாரின் நான்காம் பக்கத்தைப் பற்றி நிதானமாக எடுத்துச் சொன்னேன். பாதியில் வைத்துவிட்டாள். அடக்கத்தில் என்னோடு ஒரே வரிசையில் உட்காரவில்லை. துக்கத்தில் மனிதர்கள் நியாயமாக இருக்க மாட்டார்கள், நான் பெரிதுபடுத்தவில்லை. ப்ரூயிட்டின் வீட்டுக்கும் ஓர் ஆப்பிள் பலகாரம் செய்து கொண்டுபோனேன். அவருடைய அம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

இனி, நீங்கள் இரண்டு முறை போட்டுக் காட்டிய அந்தப் பகுதி. இரண்டு வெடிச்சத்தம். பிறகு ப்ரூயிட் அழுகிறார். "சுட்டுட்டேன் மேடம். விழுந்துட்டாரு. கையில துப்பாக்கி இல்ல, ஒரு அட்டை. வெறும் அட்டை மேடம்." அதற்கு ஒன்பது விநாடி கழித்து, அங்கே யாரும் யாருடைய பெயரையும் சொல்வதற்கு முன்பே, என் குரல் கேட்கிறது. தெளிவாக இருக்கிறது, கொஞ்சமும் நடுங்கவில்லை.

"வெண்டல்தான். ஆபத்தில்லாத ஆளு."

வாய்ப் பழக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சொன்னேன். ஒலிப்பதிவே இருக்கிறது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.