மாதிரி வீட்டின் சூடு

எங்கள் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குளிரை ரொம்ப ரசிக்கிறார்கள். குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, சார். அவர்கள் மறுநாள் மலையிறங்கிவிடுவார்கள்.

நான் பாண்டித்துரை, தேயிலை எஸ்டேட்டில் மேல்தோப்பு டிவிஷனின் பஞ்சாயத்து மெம்பர். ஸ்டேஷனில் உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் அது மரியாதை இல்லை. ராமுத்தாய் அத்தையும் சங்கையா மாமாவும் எப்படிப் போனார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். வீட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எஸ்டேட்டில் பென்ஷன் ஆனால் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர்களுக்கு நிற்க ஒரு முழம் மண் சொந்தமில்லை. பஞ்சாயத்தில் வீட்டுத் திட்டம் வந்தபோது என் வார்டுக்காக நான் அலைந்த அலைச்சலைச் சாமிதான் அறியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. நிலத்துக்கு ஒரு அனுமதி, கட்ட ஒரு பெர்மிட், கட்டி முடித்த பிறகு வீட்டு நம்பர்; நம்பர் இல்லாவிட்டால் கரண்ட் இல்லை. தேவிகுளம் தாலுக்கா ஆபீஸுக்கு நான் போய்வந்த பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சம்மதித்தார்கள். மாதிரி வீடு. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஃபோம் வைத்து, பகலில் அடிக்கிற வெயிலின் சூட்டை ராத்திரிவரை பிடித்துவைக்கிற வீடு. ஹீட்டர் வேண்டாம், கரண்ட் மிச்சம். சூடு எவ்வளவு நிற்கிறது என்று காட்ட உள்சுவரில் சின்னதாய் ஒரு மீட்டர் மாட்டினார்கள். தை மாதம் மேலிடத்து ஆட்கள் வந்து பதிவைப் பார்க்கும்போது மீட்டர் நல்லபடியாகக் காட்டினால் காத்திருக்கிற எல்லாருக்கும் அதே மாதிரி வீடு. காட்டாவிட்டால் திட்டம் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விடும்.

மாதிரி வீட்டை அத்தைக்குத்தான் கொடுத்தேன். சொந்தம் என்பதால் கொடுத்தான் என்று பேசினார்கள். பேசட்டும். அம்மா செத்தபிறகு என்னைத் தன் சேலைக்குள் போட்டுத் தூங்கவைத்தவள் அவள். அவளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன்?

கார்த்திகையிலேயே பிரச்சினை தொடங்கியது. சுவரின் மேலே இருந்த இரண்டு வெண்டிலேட்டர் வழியாக வாடை உள்ளே இறங்கியது. மீட்டர் ஏறவே இல்லை. அத்தையும் முனகினாள்.

"ஏய்யா பாண்டி, லயத்துலகூட இப்பிடி நடுங்கல. மேல இருந்து யாரோ பச்சத் தண்ணிய ஊத்துற மாதிரில்லா இருக்கு."

வீட்டை வரைந்த எஞ்சினியர் ஜிபி மேடம் அந்த ஓட்டைகளைக் காட்டித் தன் மலையாளத் தமிழில் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்: "மெம்பரே, இது அடைக்கவே கூடாது, கேட்டோ. உள்ளே தீ வைக்கிறவங்க இருக்கு. புகை இல்லாத தணலும் ஆளைக் கொல்லும். மணம்கூட வராது."

அவர் நல்ல மனுஷி. ஆனால் மீட்டரையும் அவர்தானே மாட்டினார்.

ஒருநாள் மாமாவும் அத்தையும் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது நான் வெண்டிலேட்டரை ஃபோம் வைத்து அடைத்தேன். வெளியே தெரியாதபடி பலகை அடித்து வெள்ளையடித்தேன். அதன் பிறகும் மீட்டர் நான் நினைத்த அளவுக்கு வரவில்லை. எங்கள் மலையில் மார்கழியில் வெயில் எங்கே இருக்கிறது, பிடித்துவைக்க?

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக் கட்டிலுக்கடியில் வைத்துப் படுப்பார்கள். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால் கிடைக்கிற விறகு அதற்கு ரொம்பத் தோது, விடியும்வரை கனியும். லயத்தில் கதவிடுக்கிலும் தகர இடுக்கிலும் காற்று புகுந்து புறப்படும், அதனால் தணல் சட்டியால் செத்தவர் என்று யாரையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. புது வீட்டிலும் அத்தை அதையே செய்தாள். மறுநாள் மீட்டரைப் பார்த்தேன். ஏறியிருந்தது.

கவாத்து விறகு ஒரு கட்டு கொண்டுபோய்ப் போட்டேன். தீர்ந்ததும் இன்னொரு கட்டு.

"எம் மருமவன் மாதிரி யாருக்கு வாய்க்கும்," என்று அத்தை பக்கத்து லயத்துச் சித்ராவிடம் பெருமை பேசினாள். சித்ரா புருஷனை இழந்தவள், கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். மண் சரிந்ததில் அவர்களுடைய லயத்துச் சுவர் வாய் பிளந்து நின்றது. "அண்ணே, எங்களுக்கு எப்பண்ணே?" என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்பாள். எனக்குத் தூக்கம் வராது, சார். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தை பிறந்த வாரம் அத்தை ஆளனுப்பினாள். அடைகாக்கிற கோழியைக் குளிருக்குப் பயந்து கூடையோடு உள்ளே வைத்திருக்கிறாள். காலையில் கோழி விறைத்துக் கிடந்தது. மாமா வாந்தியெடுத்து உட்கார்ந்திருந்தார். அத்தை தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தல கிர்ருங்குதுய்யா. புது வீடு எங்களுக்கு ஆகலியோ என்னமோ."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜிபி மேடத்தின் சொல் அப்படியே காதில் கேட்டது. பலகையை ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் மீட்டரைப் பார்க்க மேலிடத்து ஆட்கள் வருகிற வாரம் அது. இத்தனை குடும்பத்தின் கூரை அந்த ஒரு வாரத்தில் தொங்கியது. கோழிக்கு வந்தது நோய் என்றேன். அத்தைக்கு வந்தது பித்தம் என்றேன். தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கோழியை நானே தூரக் கொண்டுபோய்ப் புதைத்தேன். திரும்பும்போது வாசலில் விறகு குறைந்திருப்பதைப் பார்த்தேன். சாயங்காலம் ஒரு கட்டு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போகிற வழியில் சித்ரா கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை என்று என்னிடம் ஓடி வந்தாள். ஆட்களைக் கூட்டிவரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் கதவை உடைத்தேன்.

மாமாவின் மேல் அத்தையின் கை கிடந்தது. இரண்டு பேருக்கும் கன்னம் சிவந்திருந்தது. உயிர் இருக்கிறதென்றே நினைத்து, அத்தை, அத்தை என்று உலுக்கினேன். பிறகு கடப்பாரையால் பலகையை உடைத்துத் தள்ளினேன். சட்டியைச் சாக்கில் சுற்றித் தேயிலைச் செடிகளுக்குள் வீசினேன். ஆட்கள் வந்தபோது, காற்று வரட்டும் என்று மெம்பர் எவ்வளவு சமயோசிதமாகச் செய்திருக்கிறார் என்றார்கள். வயசான கட்டைகள், குளிர் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நான் ஆமாம் என்றேன். குழிமேட்டில் நான் அழுதது நடிப்பு இல்லை. இன்றைக்கும் யாராவது "ஏய்யா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தபோது, அதுவரையிலான பதிவில் மீட்டர் நன்றாகக் காட்டியிருந்தது. திட்டம் வந்தது. இந்த மழை முடிவதற்குள் மற்ற வீடுகளையும் எழுப்பிவிட்டோம். போன வாரம் ஜிபி மேடம் வந்தவர், பூட்டிக் கிடக்கிற அத்தையின் வீட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். வெண்டிலேட்டர் சட்டத்தில் என் ஃபோம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அவர் எழுதிக் கொடுத்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அடைத்தது நான். விறகு போட்டது நான். தெரிந்தும் வாயைத் திறக்காதது நான். கொலை என்று நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் வார்டில் இன்றைக்கு ஒருவரும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுக்கவில்லை. அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு சின்ன உதவி, சார். இருட்டுவதற்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. பக்கத்து வார்டுக்கான அடுத்த கட்ட வீடுகளுக்காகப் புது மீட்டரைச் சித்ராவின் புது வீட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள். வெண்டிலேட்டர் வழியாக வாடை வருகிறது, பிள்ளை இருமுகிறது என்று அழுதாள். மனசு கேட்கவில்லை, நேற்றுத்தான் ஃபோம் வைத்து அடைத்துக் கொடுத்தேன். விறகு மட்டும் இன்னும் போடவில்லை, பாவம், அந்தப் பிள்ளை குளிரில் கிடக்கும்.